லாட்டரி அம்மாளின் விளக்கம் ஏற்கப்பட்டது

வழிகாட்டிப் பலகைகள் வாரியத்துக்கு வழி கேட்டுத்தான் போக வேண்டும். எந்த முச்சந்தியில் நின்றாலும் இந்தப் பக்கம் ஆஸ்பத்திரி, அந்தப் பக்கம் ரயில் நிலையம் என்று கை நீட்டுகிற பலகைகளையெல்லாம் நட்டது அந்த வாரியம்தான். தன் வாசலில் மட்டும் அது ஒரு பலகையும் நடவில்லை. தனக்குத் தானே பலகை ஒதுக்கிக்கொண்டால் அது சலுகையாகிவிடுமா என்ற கேள்வி பல வருஷமாகக் கோப்பில் இருந்தது. அந்த வாரியத்தில் ஒன்று கோப்பில் இருக்கிறது என்றால் நலமாக இருக்கிறது என்று அர்த்தம்.

கட்டடத்தின் இரண்டாம் மாடியில், ஏசியின் வாய்க்கு நேர் எதிரே, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் 'தபால்' என்று கூப்பிட்டார்கள். வாரியத்தின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. சர்வர் சூடாகக் கூடாது என்று ஏசியை நாள் முழுக்க ஓட விட்டார்கள். சர்வர் நன்றாக இருந்தது. தபாலுக்கு வருஷம் பூராவும் ஜலதோஷம்.

ஜலதோஷத்தை அவர் பெரிதாக நினைக்கவில்லை. அவருடைய மனசெல்லாம் வேறு ஊரில் இருந்தது. மனைவி அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை காலை வீடு. அன்று ராத்திரியே திரும்பவும் பஸ். மகள் அவரை 'சண்டே அப்பா' என்றுதான் சொல்வாள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் அப்பாவைப் பார்த்துவிட்டு ஒரு நாள், "அவங்க அப்பாவுக்கு வேலையே இல்லையாம்மா? டெய்லி வீட்டுக்கு வராரு" என்று கவலைப்பட்டாள். மனைவி அதைப் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். தபாலால்தான் சிரிக்க முடியவில்லை.

இந்த மாதம் விடிவுகாலம் வரும் போலிருந்தது. மனைவியின் ஊரில் இருந்த கிளை அலுவலகத்தில் ஓர் இடம் காலியாகி, மாற்றல் கேட்டவர்கள் வரிசையில் தபால் முதலாவதாக நின்றார். தலைமையகத்திலிருந்து அவருக்கு ஒரு மெயில் வரும். மாதம் முடிவதற்குள் அதைத் திறந்து 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இவ்வளவுதான் அவர் வாழ்க்கையில் பாக்கி இருந்த காரியம்.

அந்த நேரம் பார்த்துத்தான் இயக்குநருக்கு அந்த மெயில் வந்தது.

"வழுக்கைத் தலையா? வருந்தாதீர்கள்! எங்கள் மூலிகை எண்ணெய் இருக்கிறது!"

இயக்குநரின் தலையில் முடி விடைபெற்றுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அவர் அந்த மெயிலை மூன்று முறை படித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டுத் தபாலைக் கூப்பிட்டார்.

"என் தலையைப் பத்தி வெளியில யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல சார். இது எல்லாருக்கும் போற குப்பை மெயில். எனக்குக்கூட வந்திருக்கு."

இயக்குநர் தபாலின் அடர்ந்த கிராப்பைப் பார்த்தார். "உனக்கு எதுக்கு வரணும்?"

தபால் பேச்சை வேறு பக்கமாகத் திருப்பினார். "சார், மெயில் முகவரியில பின்னாடி ஒரு பேர் வருதில்ல, அதுதான் டொமைன். நம்ம வீட்டு விலாசத்துல தெருப்பேர் மாதிரி. அந்தத் தெருவையே பிளாக் பண்ணிட்டா அங்கேருந்து ஒருத்தனும் வர முடியாது. சர்வர்ல ஒரு வரி எழுதணும், அவ்வளவுதான். அஞ்சு நிமிஷ வேலை."

அஞ்சு நிமிஷம் என்று அவர் சொல்லியிருக்கக் கூடாது. அந்த வாரியத்தில் அஞ்சு நிமிஷத்தில் முடிந்த வேலை என்று சரித்திரத்தில் ஒன்றும் கிடையாது. அப்படி ஒரு வேலை இருப்பதே மற்ற வேலைகளுக்கு அவமானம். இயக்குநர் உடனே கூட்டம் போட்டார்.

கூட்டத்துக்குச் சட்ட அதிகாரியும் கணக்கு அதிகாரியும் வந்தார்கள். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இருவருக்கும் பொதுவான ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று என்றைக்கோ தொடங்கிய தகராறு, ஜன்னலையே செங்கல் வைத்து அடைத்த பிறகும் தீரவில்லை. ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை நடுவில் இருக்கிற ஆளிடம் சொல்வார்கள். நடுவில் தபாலை உட்கார வைத்தார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் சட்ட அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"அஞ்சு நிமிஷத்துல ஒருத்தரோட வாயை அடைக்கப் போறீங்களா?"

"சார், அவன் எண்ணெய் விக்கிறவன்..."

"எண்ணெய் விக்கிறவனுக்கு வாய் கிடையாதா? அவன் தரப்பைக் கேட்டீங்களா? நான் இந்த வாரியத்துல சேர்ந்த நாள்லேருந்து ஒரு முடிவுகூட அவசரப்பட்டு எடுத்ததில்லை. சொல்லப்போனா, ஒரு முடிவுமே எடுத்ததில்லை. அதனாலதான் இன்னிக்கு வரைக்கும் நம்ம மேல ஒரு வழக்குகூட கிடையாது."

இயக்குநர் மேசையைத் தட்டிப் பாராட்டினார். கணக்கு அதிகாரி சுவரைப் பார்த்துக்கொண்டு, தபாலிடம், "அவர்கிட்ட சொல்லுங்க, நானும் எந்த முடிவும் எடுத்ததில்லைன்னு" என்றார்.

அப்படித்தான் 'சந்தேக முகவரிகள் விசாரணைக் குழு' பிறந்தது. மெயில் அனுப்புகிற ஒவ்வொரு டொமைனுக்கும், 'தங்களை ஏன் தடை செய்யக் கூடாது?' என்று விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ் போக வேண்டும். ஒரு வாரத்துக்குள் பதில் சொல்கிறவர் யோக்கியர். பதில் சொல்லாதவர் சந்தேகப் பேர்வழி. சந்தேகமானவர்களுக்கு மட்டும் நோட்டீஸ் அனுப்பினால் முன்கூட்டியே தீர்ப்புச் சொன்னதாகிவிடும் என்று சட்ட அதிகாரி ஆட்சேபித்ததால், இதுவரை வாரியத்துக்கு மெயில் அனுப்பிய அத்தனை பேருக்கும் நோட்டீஸ் என்று முடிவாயிற்று.

"சார், குப்பை மெயிலுக்குப் பதில் போட்டா இங்க ஆள் இருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடும். இன்னும் அதிகமா வரும்" என்றார் தபால் பலவீனமாக.

"வரட்டுமே" என்றார் இயக்குநர். "நாம எழுதினா அவங்க எழுதுறாங்க. அதுக்குப் பேரு மரியாதை."

நோட்டீஸ்கள் போயின. மூலிகை எண்ணெய்க்காரன் தேநீர் ஆறுவதற்குள் பதில் அனுப்பிவிட்டான். உடம்பு இளைக்கும் மாத்திரைக்காரன், ஒரே ராத்திரியில் பாஷை கற்றுக்கொடுக்கிறவன், வீட்டிலிருந்தபடியே கோடீஸ்வரன் ஆக்குகிறவன் எல்லோரும் வரிசையாக விளக்கம் கொடுத்தார்கள். அதில் தலைசிறந்தது நல்லதிர்ஷ்ட லாட்டரி நிலையத்தை நடத்தும் ஓர் அம்மாளுடையது. இயக்குநர் அதைக் குழுவில் உரக்கப் படித்தார்.

"அன்புள்ள சகோதரர்களே, தங்கள் நோட்டீஸ் கண்டு உள்ளம் பூரித்தேன். என்னைத் தடுக்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று நினைத்த முதல் நல்லவர்கள் நீங்கள்தான். உங்கள் அனைவருக்கும் பரிசு விழுந்திருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். இப்படிக்கு, உங்கள் சகோதரி."

படித்து முடித்துவிட்டு இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் கூடப் பிறந்தவகூட சாப்பிட்டியான்னு கேட்டதில்லைய்யா" என்றார். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியும் என்பார்கள். அங்கே ஒரு குழுவே கேட்டுக்கொண்டிருந்ததால் நெய் குடம் குடமாக வடிந்தது.

பதில் சொல்லாதவர்கள் வேறு ரகம். மின்சாரக் கம்பெனி, பலகைக்குப் பெயின்ட் விற்கிறவர், பல்கலைக்கழகம், இவர்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தலைமையகமும் திறக்கவில்லை. தபால் பதறிப்போய்த் தலைமையகத்துக்குப் போன் போட்டார். எடுத்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நல்ல வேளை போன் பண்ணீங்க. உங்க வாரியத்தோட பேர்ல எவனோ மோசடி மெயில் அனுப்புறான். 'தங்களை ஏன் தடை செய்யக் கூடாது'ன்னு எங்களையே கேக்கறான்! நாங்க திறக்கவே இல்லை" என்றார்.

"சார், அது நாங்கதான் அனுப்பினோம்."

"பாத்தீங்களா, அவனும் அப்படித்தான் சொல்வான்" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

அடுத்தது நேர்முக விசாரணை. அதற்காக ஓர் அறையைத் துடைத்து, ஒரு நாற்காலியும் தண்ணீர் பாட்டிலும் வைத்தார்கள். குழு ஒரு பகல் முழுக்க அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. லாட்டரி அம்மாளிடமிருந்து மட்டும் மெயில் வந்தது. கிளம்பித் தன் வீட்டு வாசல்வரை வந்துவிட்டாளாம், கால் பிசகிவிட்டதாம், நாற்காலியை வீணாக்கியதற்காகக் கண்ணீர் விடுகிறாளாம். 'வர விரும்பினார்' என்று குறித்துக்கொண்டார் சட்ட அதிகாரி. தலைமையகத்துக்கு எதிரே, 'விரும்பக்கூட இல்லை' என்று குறித்தார்.

தீர்ப்பு வந்தது. லாட்டரி அம்மாளுக்கும் எண்ணெய்க்காரனுக்கும் மற்றவர்களுக்கும் 'நம்பகமானவர்' என்று பச்சை முத்திரை. தலைமையகத்துக்குத் தடை.

தபால் எழுந்தே நின்றுவிட்டார். "சார்! நமக்குச் சம்பளம் போடறவங்க சார்!"

"சட்டத்துக்கு முன்னாடி சம்பளம் போடறவங்க, போடாதவங்கன்னு வித்தியாசம் பாக்க முடியாது" என்றார் சட்ட அதிகாரி.

"என் மாற்றல் உத்தரவு அங்கேருந்துதான் வரணும் சார். இந்த மாசத்துக்குள்ள வரணும்."

"அப்ப நீங்க பாரபட்சமான ஆள். உங்க கையில சர்வரை விடறதே தப்பு."

இந்த ஓர் இடத்தில் கணக்கு அதிகாரி சட்ட அதிகாரியுடன் ஒத்துப்போனார், தபாலின் துரதிர்ஷ்டம். கஜானாவுக்கு இரண்டு சாவி இருப்பது மாதிரி சர்வருக்கும் இரண்டு சாவி வேண்டும் என்றார் அவர். தலைமையகத்தைத் தடுக்கும் வரியைத் தபாலே தன் கையால் எழுதினார். பிறகு பாஸ்வேர்டை மாற்றினார்கள். முன்பாதியைச் சட்ட அதிகாரி வைத்துக்கொண்டார், பின்பாதியைக் கணக்கு அதிகாரி வைத்துக்கொண்டார். இனி சர்வரில் நடப்பதைத் தபால் வேடிக்கை பார்க்கலாம், தொட முடியாது.

வேடிக்கைதான் பார்த்தார். இரண்டு நாள் கழித்துத் திரையில் ஒரு வரி ஓடியது. அனுப்பியவர், தலைமையகம். பெறுபவர், தபால். பொருள், மாற்றல் உத்தரவு. நிலை, தடுத்துக் காவலில் வைக்கப்பட்டது.

தன் வாழ்க்கை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்தார். தும்மல்கூட வரவில்லை.

இயக்குநரிடம் ஓடினார். இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். "உன் ஒருத்தனுக்காக விசாரணையை மறுபடி திறக்க முடியாதுப்பா. தலைமையகம் மேல்முறையீடு பண்ணட்டும். மெயில்ல."

"மெயிலைத்தான் தடுத்துட்டோமே சார்!"

"அதை அவங்க முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

சட்ட அதிகாரியிடம் போனார். "அவர் பின்பாதியைக் குடுத்தா நான் முன்பாதியைத் தரேன்" என்றார் சட்ட அதிகாரி. கணக்கு அதிகாரியிடம் போனார். "முன்பாதி இல்லாம பின்பாதிக்கு என்ன மதிப்பு? முதல்ல அவரைத் தரச் சொல்லுங்க" என்றார் கணக்கு அதிகாரி. அடைத்த ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்து நடந்து தபாலின் செருப்பு அறுந்ததுதான் மிச்சம்.

இதற்குள் குழு இன்னும் ஒரு படி ஏறியிருந்தது. வாரியத்துக்குள் கேட்காமல் அதிகமாக மெயில் அனுப்புகிறவர் யார் என்று எண்ணிப் பார்த்தார்கள். இயக்குநர்தான். தினமும் காலையில் 'இன்றைய சிந்தனை' என்று எல்லோருக்கும் ஒன்று அனுப்புவார். சட்டத்துக்கு முன் வித்தியாசம் இல்லை என்பதால் வாரியத்தின் டொமைனுக்கே ஒரு நோட்டீஸ் போயிற்று. வாரியத்திலிருந்து வருகிற சுற்றறிக்கைகளை இயக்குநர் எப்போதும் படிக்காமலே அழித்துவிடுவார். அதையும் அழித்தார். பதில் வராததால், குழுவின் ஆணைப்படி இரண்டு அதிகாரிகளும் ஆளுக்கொரு பாதி பாஸ்வேர்டைத் தட்ட, வாரியம் வாரியத்தைத் தடை செய்தது.

அதற்குப் பிறகு அங்கே வந்ததெல்லாம் எண்ணெயும் மாத்திரையும் லாட்டரியும்தான். எல்லாவற்றிலும் பச்சை முத்திரை இருந்தது. இயக்குநர் ஊழியர்களைக் கூட்டி, "இன்னிக்குத் தேதிக்கு நமக்குச் சந்தேகமான மெயில் ஒண்ணுகூட வரல. வர்றது அத்தனையும் விசாரிச்சு முத்திரை குத்தினது" என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். இயக்குநரின் தலை எண்ணெய் தேய்த்து மினுமினுத்தது.

மாதத்தின் கடைசி நாளும் வந்துவிட்டது. மத்தியானம் மனைவி போன் செய்தாள்.

"என்னங்க ஆச்சு? யாரையாவது கெஞ்சிப் பாத்தீங்களா?"

"எல்லார் கால்லயும் விழுந்துட்டேம்மா. விழறதுக்கு இனிமே கால் இல்ல."

"பரவாயில்ல விடுங்க. சாப்பிட்டீங்களா?" என்றாள். அந்தப் பரவாயில்லைதான் அவரைக் கொன்றது. திட்டியிருந்தால் தேவலை.

போனை வைத்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாட்டரி அம்மாளிடமிருந்து அன்றைய மெயில் வந்து நின்றது. 'சகோதரரே, நலமா? ஏதோ கவலையில் இருக்கிறீர்கள் என்று என் மனசு சொல்கிறது. எதுவானாலும் சகோதரியிடம் சொல்லுங்கள்.' இது ஊரில் எல்லோருக்கும் போகிற மெயில் என்று தபாலுக்குத் தெரியும். இந்த மாதிரி மெயிலுக்குப் பதில் எழுதாதீர்கள் என்று வாரியத்தில் வகுப்பெடுத்தவரே அவர்தான். ஆனால் அந்தக் கட்டடத்தில் அவரிடம் நலமா என்று கேட்டது அந்த ஒரு ஜீவன்தான். அவர் எழுதினார். பஸ்ஸை எழுதினார், சண்டே அப்பாவை எழுதினார், காவலில் கிடக்கும் உத்தரவை எழுதினார், பாஸ்வேர்டு இரண்டு பாதியாகக் கிடப்பதையும் அவை யார் யாரிடம் இருக்கின்றன என்பதையும் எழுதினார். அழுதுகொண்டே அனுப்பிவிட்டார்.

பதில் வந்தது. 'கொஞ்சம் பொறுங்கள்.'

டப்பாவைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். அடுத்த மெயில் வந்தது.

'அன்புச் சகோதரரே, சட்ட அதிகாரி சகோதரருக்கும் கணக்கு அதிகாரி சகோதரருக்கும் தனித்தனியே ஒரு வரி எழுதினேன். தங்கள் பரிசைப் பெற, தங்களிடம் உள்ள பாதி பாஸ்வேர்டை அனுப்பவும் என்று. இருவரும் உடனே அனுப்பிவிட்டார்கள். கணக்கு அதிகாரி சகோதரர் கிடைக்காமல் போய்விடுமோ என்று இரண்டு முறை அனுப்பினார். தங்கள் உத்தரவை விடுவித்துவிட்டேன். வாழ்த்துக்கள்! நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்!'

அந்த வாசகத்தை லாட்டரி அம்மாள் உலகத்தில் எத்தனையோ பேருக்கு எழுதியிருப்பாள். அது உண்மையானது அன்று ஒரு தடவைதான். தபாலின் இன்பாக்ஸில் மாற்றல் உத்தரவு வந்து உட்கார்ந்திருந்தது. இது குற்றமா என்று ஒரு கணம் யோசித்தார். யோசிப்பது குழுவின் வேலை என்பது ஞாபகம் வந்ததும் 'சம்மதம்' பொத்தானை அழுத்தினார். போதாதோ என்று பயந்து இன்னொரு தடவையும் அழுத்தினார்.

உத்தரவு எப்படி வெளியே வந்தது என்று குழு விசாரித்தது. நம்பகமானவர் ஒருவர் முறைப்படி பாஸ்வேர்டு கேட்டு, உரியவர்கள் முறைப்படி கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் திருப்தியடைந்தது. அடுத்த கேள்வி, தபாலின் இடத்துக்கு யார்? இயக்குநர் வெகுநேரம் யோசிக்கவில்லை.

"கேட்டதுக்கு உடனே பதில் போடணும். எல்லார்கிட்டயும் அன்பா இருக்கணும். சர்வரோட பாஸ்வேர்டு முழுசாத் தெரிஞ்சிருக்கணும். இந்த மூணும் இருக்கிற ஒரே ஆள் அந்த அம்மாதான்யா."

நியமன உத்தரவு லாட்டரி அம்மாளுக்குப் போயிற்று. சொல்ல வேண்டுமா, உடனே பதில் வந்துவிட்டது. அலுவலகத்துக்கு வரத் தேவையில்லை, இருந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாக எழுதியிருந்தாள். தபால் தன் ஸ்வெட்டரை மடித்து வைத்துக்கொண்டு, சர்வரை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, எச்சரிக்கலாமா என்று நினைத்து, வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். எச்சரித்தால் அதற்கும் ஒரு குழு போடுவார்கள். பஸ் போய்விடும்.

புதன்கிழமை காலையில் வீட்டு மாடிப்படி ஏறி, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மணியை அடித்தார். கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. இடுக்கில் மகளின் ஒரு கண்.

"யாரு?"

"அப்பாதான்டா தங்கம்."

கண் அவரை மேலிருந்து கீழே வரை பார்த்தது. "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே."

"இல்லதான்."

"எங்க அப்பா ஞாயித்துக்கிழமைதான் வருவாரு." உள்ளே திரும்பிக் கத்தினாள். "அம்மா! அப்பா மாதிரியே யாரோ வந்திருக்காங்க!"

தபால் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நியாயமான சந்தேகம். அந்த வாரியம் பூராவிலும் யாரும் கேட்காத ஒரு நியாயமான கேள்வியை அவர் பெண் கேட்டிருக்கிறாள்.

"எதுக்கு வந்தீங்க?" என்றது கண்.

"இங்கேயே இருக்கிறதுக்கு."

"ராத்திரி பஸ்ஸுக்குப் போயிடுவீங்களா?"

"போக மாட்டேன்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் இருப்பேன். டெய்லி இருப்பேன். பக்கத்து வீட்டு அப்பா மாதிரி."

கண் அவருடைய பெட்டியைப் பார்த்தது. உள்ளேயிருந்து மனைவி ஈரக்கையைத் துடைத்தபடி வரும் சத்தம் கேட்டது. அவளுக்குக் கதை முழுக்கத் தெரியும்.

"கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டாராடி?" என்றாள்.

"சொல்லிட்டாரும்மா. உடனே உடனே சொல்றாரு."

"அதான் எனக்கும் பயமா இருக்கு" என்றாள் மனைவி. "எதுக்கும் கையைத் தொட்டுப் பாத்துட்டு விடு."

சங்கிலி இடுக்கு வழியாக ஒரு சின்னக் கை வெளியே நீண்டது.